முதல் முறை குடும்பத்தோடு டிஸ்னி வேர்ல்டு, ஆர்லாண்டோ: திட்டத்தைப் பார்த்துத் திருத்திச் சொல்லுங்கள்

தேன்சிட்டு:
மே கடைசி வாரம் இந்தியாவிலிருந்து ஆர்லாண்டோ போகிறோம். நானும் கணவரும், மாமியார் (68 வயது, முட்டிவலி, அரை மணிக்கு மேல் நிற்க முடியாது), மகள் (8 வயது, 124 செ.மீ.), மகன் (4 வயது, 99 செ.மீ.). எல்லோரும் சைவம். யாருக்கும் அந்த இடம் பழக்கமில்லை. யூடியூப் பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஒருவர் ஃபாஸ்ட்பாஸ் என்கிறார், இன்னொருவர் ஜீனி பிளஸ் என்கிறார். எத்தனை நாள் வேண்டும், எங்கே தங்குவது, எந்த டிக்கெட், வரிசையில் எப்படித் தப்பிப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வழிப்போக்கன்:
முதல் வேலை, 2024 ஜூலைக்கு முந்தைய வீடியோக்களை ஒதுக்கிவையுங்கள். ஃபாஸ்ட்பாஸ் எப்போதோ போய்விட்டது. அதற்குப் பின் வந்த ஜீனி பிளஸும் 2024 ஜூலையில் முடிந்தது. இப்போது இருப்பது லைட்னிங் லேன்: காசு கட்டி, நீண்ட வரிசையைத் தவிர்த்து ரைடில் ஏறும் வழி. விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு இலவசப் பேருந்து என்று யாராவது சொன்னால் அதுவும் பழங்கதை, 2022 ஜனவரியோடு நின்றுவிட்டது. தேதியிட்ட டிக்கெட்டோடு தனியாகப் பூங்கா முன்பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2024 ஜனவரியில் எடுக்கப்பட்டது. மேஜிக் கிங்டமில் ஆறும் நீராவிப் படகும் காட்டுவார்கள், அவை 2025 ஜூலையில் மூடப்பட்டன. பிள்ளைகளிடம் படகைக் காட்டி ஆசை காட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று: "டிஸ்னி வேர்ல்டு" என்பது ஒரு பூங்கா அல்ல. மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என நான்கு. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்து போகும் தூரம் என்று நினைத்துத் திட்டம் போட்டால் முதல் நாளே சொதப்பும். எப்காட்டிலிருந்து ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கு மட்டும் நடைபாதை இருக்கிறது. அதுவும் மாமியாரோடு வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
டிக்கெட் பகுதியை நான் சொல்கிறேன்.

3 வயதுக்குக் கீழ் இலவசம். 3 முதல் 9 வரை சிறுவர் கட்டணம், 10 வயதிலிருந்து பெரியவர் கட்டணம். சிறுவர் கட்டணத்துக்கும் பெரியவர் கட்டணத்துக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான், பெரிய தள்ளுபடியை எதிர்பார்க்காதீர்கள். விலை தேதிக்குத் தேதி மாறும். நாள் கூடக் கூட ஒரு நாளுக்கு விழும் செலவு குறையும்.

உங்களுக்கு நான்கு நாள் டிக்கெட் சரி. அதைத் தொடங்கிய தேதியிலிருந்து 7 நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. நடுவில் ஓய்வு நாள் விடலாம் என்பதுதான் இதில் விசேஷம். ஒரே நாளில் பூங்கா மாறும் 'பார்க் ஹாப்பர்' உங்களுக்கு வேண்டாம். 4 வயதுப் பிள்ளையோடும் சக்கர நாற்காலியோடும் ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேர, வாசல் முதல் வாசல் வரை ஒரு மணி நேரம் ஓடிவிடும். அதற்குக் காசு வேறா?

டிக்கெட் வாங்கியதும் ஐந்து பேர் டிக்கெட்டையும் 'மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ்' ஆப்பில் ஒரே கணக்கில் சேர்த்துவிடுங்கள். முதல் முறை நுழையும்போது விரல் வைக்கச் சொல்வார்கள். யாருடைய டிக்கெட் யாருக்கு என்று அங்கேதான் பதிவாகும். வாசலில் மாற்றிக் கொடுத்தால் மறுநாள் தகராறு.

நாலுசக்கரம்:
ஹோட்டல். இங்கேதான் ஐந்து பேர் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது. மலிவான 'வேல்யூ' வகை ஹோட்டல்களில் (பாப் செஞ்சுரி, ஆல் ஸ்டார்) சாதாரண அறை நான்கு பேருக்குத்தான். தொட்டிலில் படுக்கும் 3 வயதுக்குட்பட்ட குழந்தைதான் அந்த எண்ணிக்கையில் சேராது. உங்கள் மகன் சேர்வான். ஆகவே இரண்டு வழி:

ஒன்று, ஆர்ட் ஆஃப் அனிமேஷனில் ஆறு பேர் தங்கும் குடும்ப சூட். இரண்டு குளியலறை உண்டு. ஸ்கைலைனர் என்கிற கம்பிவடப் பெட்டி வாசலிலிருந்தே எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் போகும். சக்கர நாற்காலிக்குப் பெட்டியை நிறுத்தி ஏற்றும் தனிப்பாதை இருக்கிறது. பெட்டிக்குள் ஏசி கிடையாது.

இரண்டு, போர்ட் ஆர்லீன்ஸ் ரிவர்சைடில் அலிகேட்டர் பயூ பகுதி. இழுத்துப் போடும் சின்னக் கட்டிலோடு ஐந்து பேர் தங்கலாம். மகன் அதில் தாராளமாகப் படுப்பான். ஆனால் அந்தப் பகுதிக் கட்டடங்களில் லிஃப்ட் இல்லை, கட்டாயம் தரைத்தளம் கேளுங்கள். பூங்காக்களுக்குப் பேருந்து மட்டும்தான்.

மாமியாரை வைத்துப் பார்த்தால் நான் முதலாவதைத்தான் சொல்வேன்.

மெய்ப்பொருள்:
டிஸ்னி ஹோட்டல்தான் வேண்டும் என்று ஏன் எல்லோரும் அடித்துச் சொல்கிறீர்கள்? வெளியே சமையலறையோடு இரண்டு படுக்கையறை வீடு கிடைக்கும், சைவக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி. காலையில் உப்புமா, இரவில் தயிர்சாதம். செலவும் குறைவு.

நாலுசக்கரம்:
@மெய்ப்பொருள் சமையலறை விஷயத்தில் மறுப்பே இல்லை. ஆனால் கழித்துப் பார்க்க வேண்டியவை மூன்று. டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்கு எல்லாப் பூங்காவிலும் தினமும் அரை மணி முன்னதாக அனுமதி. லைட்னிங் லேன் முன்பதிவு அவர்களுக்கு 7 நாள் முன்பே திறக்கும், வெளியே தங்குபவர்களுக்கு 3 நாள் முன்புதான். மூன்றாவது, மேஜிக் கிங்டம் வாகன நிறுத்தம் பூங்கா வாசலில் இல்லை. காரை விட்டுவிட்டு டிக்கெட் அண்ட் டிரான்ஸ்போர்ட்டேஷன் சென்டருக்கு வந்து, அங்கிருந்து மோனோரயிலோ படகோ பிடிக்க வேண்டும். கார் நிறுத்திய இடத்திலிருந்து பூங்கா வாசலுக்கு முக்கால் மணி வைத்துக்கொள்ள வேண்டும். பல வெளி ஹோட்டல்களின் "இலவச ஷட்டில்" இறக்கிவிடுவதும் அங்கேதான், அதுவும் நாளுக்குச் சில முறைதான். டிஸ்னி ஹோட்டல் பேருந்து நேராகப் பூங்கா வாசலுக்கே போகும்.

பூங்காவுக்குப் பக்கத்தில் டிஸ்னி நடத்தாத சில ஹோட்டல்களுக்கும் அந்த அரை மணிச் சலுகை உண்டு. பணம் கட்டும் முன் டிஸ்னி தளத்தில் பட்டியலைப் பாருங்கள். ஹோட்டல்காரர் வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

தேன்சிட்டு:
ஆர்ட் ஆஃப் அனிமேஷன் என்று முடிவு செய்கிறோம். விமான நிலையத்திலிருந்து எப்படிப் போவது? அப்புறம் அந்த லைட்னிங் லேன்?

நாலுசக்கரம்:
ஊபர், லிஃப்ட் (Lyft) டாக்சி எல்லாம் உண்டு. ஆனால் ஃபுளோரிடா சட்டப்படி 5 வயது வரை பிள்ளைக்குக் கார் இருக்கை கட்டாயம், ஓட்டுநர் அதைக் கொண்டுவர மாட்டார். 4 வயதுக்கு உயரம் கூட்டும் பூஸ்டர் இருக்கை போதும். காற்றடைத்துப் பயன்படுத்தும் வகை பெட்டியில் இடம் பிடிக்காது. டிஸ்னி பேருந்துகளில் அது தேவையில்லை.

வரிசைமன்னன்:
லைட்னிங் லேனில் நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு வகை. மல்ட்டி பாஸ் என்பது ஒரு பூங்காவில் பல ரைடுகளுக்குச் சேர்த்து ஒரு கட்டணம். சிங்கிள் பாஸ் என்பது மிகவும் கிராக்கியுள்ள ரைடுக்கு மட்டும் தனிக்கட்டணம். ஃப்ளைட் ஆஃப் பாஸேஜ், காஸ்மிக் ரீவைண்ட், ரைஸ் ஆஃப் தி ரெஸிஸ்டன்ஸ், ட்ரான் எல்லாம் இந்த வகை. ஒரு நாளில் அதிகபட்சம் இரண்டு சிங்கிள் பாஸ் வாங்கலாம். எல்லாமே தேதியைப் பொறுத்து விலை மாறும்.

மல்ட்டி பாஸில் முதலில் மூன்று ரைடு, மூன்று நேரம் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் உள்ளே போக ஒரு மணி நேர அவகாசம் தருவார்கள். ஒன்றைப் பயன்படுத்தியதும் அடுத்ததை எடுக்கலாம். புதியவர்கள் தவறுவது இங்கேதான்: மூன்றையும் மாலைக்குப் போட்டுவிட்டு, காலை முழுக்க ஒன்றும் எடுக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். மூன்றில் ஒன்றாவது காலை 9, 10 மணிக்குள் இருக்க வேண்டும். அதை முடித்த நிமிடமே நான்காவது எடுக்கலாம், பிறகு சங்கிலிபோலப் போய்க்கொண்டே இருக்கும்.

அனிமல் கிங்டம் தவிர மற்ற மூன்றிலும் ரைடுகளை இரண்டு அடுக்காகப் பிரித்திருக்கிறார்கள். முதல் மூன்றில் ஒன்றுதான் மேல் அடுக்கிலிருந்து எடுக்கலாம். முதல் பாஸைப் பயன்படுத்திய பிறகு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பாஸ் வைத்திருக்கும் ரைடு பழுதாகி நின்றால் கவலை வேண்டாம், அது வேறு ரைடுகளில் பயன்படுத்தும் பாஸாக மாறிவிடும்.

நேரம் முக்கியம். உங்களுக்கு ஹோட்டலில் சேரும் நாளுக்கு 7 நாள் முன்பு, ஆர்லாண்டோ நேரம் காலை 7 மணிக்குத் திறக்கும். மே மாதத்தில் அது இந்திய நேரம் மாலை 4.30. தங்கும் எல்லா நாளுக்கும் ஒரே மூச்சில் எடுத்துவிடலாம். அந்த நேரத்தில் கார்டு நிராகரிக்கப்பட்டால் எல்லாம் போச்சு. இந்திய கார்டில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை தானாக இயங்காது, வங்கி ஆப்பில் நாம்தான் இயக்கி வரம்பு வைக்க வேண்டும். ஒரு வாரம் முன்பே செய்து, சின்னத் தொகைக்குச் சோதித்துப் பாருங்கள்.

மெய்ப்பொருள்:
நான்கு நாளுக்கும் ஐந்து பேருக்கும் வாங்கினால் அந்தக் காசில் இன்னொரு நாள் தங்கலாம். என்னைக் கேட்டால் அதிகாலையில் எழுந்தால் பாதி வரிசையைத் தவிர்க்கலாம்.

வரிசைமன்னன்:
@மெய்ப்பொருள் பாதி உண்மை. எல்லா நாளும் வேண்டாம் என்பதில் ஒத்துப்போகிறேன். மேஜிக் கிங்டமுக்கு வாங்குங்கள், அங்கே ரைடுகளின் எண்ணிக்கை அதிகம், பயனும் அதிகம். ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் சரி. ஸ்லிங்கி டாக் டேஷ் வரிசை, கதவு திறந்த சில நிமிடங்களிலேயே நீண்டுவிடும். அனிமல் கிங்டமுக்கு வேண்டாம், சீக்கிரம் போனாலே போதும். எப்காட் உங்கள் விருப்பம்.

எந்த ரைடுக்குப் பாஸ் என்று தேர்ந்தெடுக்கும்போது "எது பிரபலம்" என்று பார்க்காதீர்கள், "ஒரு மணியில் எத்தனை பேரை ஏற்றுகிறது" என்று பாருங்கள். பீட்டர் பான்ஸ் ஃப்ளைட்டில் சின்னச் சின்னப் படகு, ஏறுபவர்கள் குறைவு, அதனால் நாள் முழுக்க வரிசை நிற்கும். ஹாண்டட் மேன்ஷனில் பெட்டிகள் சங்கிலியாக நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். பைரேட்ஸில் பெரிய படகுகள். இவற்றில் வரிசை நீளமாகத் தெரிந்தாலும் நகரும். பாஸை பீட்டர் பானுக்குச் செலவழியுங்கள், பைரேட்ஸுக்கு அல்ல.

இரவிலும் ஒரு வழி உண்டு. பூங்கா மூடும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பு வரிசையில் சேர்ந்தாலும் ஏற்றிவிடுவார்கள். உங்களில் யார் அதுவரை விழித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

அளவுகோல்:
மகன் 99 செ.மீ. என்பதால் எல்லை இதுதான். 97 செ.மீ. வேண்டியவற்றில் ஏறலாம்: செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயின், ஸ்லிங்கி டாக் டேஷ், ஸ்மக்ளர்ஸ் ரன், காளி ரிவர் ரேப்பிட்ஸ். 102 செ.மீ. வேண்டியவற்றில் முடியாது: ரைஸ் ஆஃப் தி ரெஸிஸ்டன்ஸ், சோரின், டெஸ்ட் ட்ராக், டியானாஸ் பயூ அட்வென்ச்சர், டவர் ஆஃப் டெரர். மகளுக்கு ட்ரான் (122 செ.மீ.) வரை எல்லாமே திறந்த கதவு. உயரம் ஒவ்வொரு வாசலிலும் அளப்பார்கள். செருப்புக்குள் துணி வைத்து உயர்த்தும் வேலை வேண்டாம், பாதுகாப்புக் கம்பி அந்த உடம்பளவுக்குத்தான் அமைக்கப்பட்டது.

ஏற முடியாத தம்பிக்காக ரைடர் ஸ்விட்ச் கேளுங்கள், இலவசம். குடும்பமாக வாசலுக்குப் போய் ஊழியரிடம் சொன்னால், ஒருவர் மகளோடு வரிசையில் போகலாம், மற்றவர் மகனோடு வெளியே இருக்கலாம். அவர்கள் திரும்பியதும் மற்றவர் லைட்னிங் லேன் வழியாகப் போவார், மகளும் அவரோடு இரண்டாம் முறை ஏறலாம். எல்லோரும் வாசலுக்கு வராமல் ஒருவர் மட்டும் போய்க் கேட்டால் தர மாட்டார்கள்.

7 வயதுக்குக் கீழுள்ள பிள்ளை 14 வயதாவது நிரம்பிய ஒருவரோடுதான் ஏற வேண்டும். அக்காவும் தம்பியும் மட்டும் ஏற முடியாது.

தேன்சிட்டு:
ரைடர் ஸ்விட்ச் புதுத் தகவல், நன்றி. அத்தைக்கு என்ன செய்வது? முட்டிவலிக்கு வரிசையில் நிற்காமல் போகத் தனி அனுமதி உண்டாமே?

வழிப்போக்கன்:
நீங்கள் சொல்வது டாஸ் என்ற சேவை. 2024-இல் அதை இறுக்கிவிட்டார்கள். ஆட்டிஸம் போன்ற வளர்ச்சிக் குறைபாட்டால் வழக்கமான வரிசையில் நீண்ட நேரம் இருக்க முடியாதவர்களுக்கானது. முட்டிவலிக்குச் சக்கர நாற்காலிதான் அவர்கள் தரும் பதில். நாற்காலியோடு பெரும்பாலான வரிசைகளில் எல்லோரையும்போலப் போகலாம். வரிசை குறையாது, ஆனால் உட்கார்ந்தே இருக்கலாம்.

"எங்க அத்தைக்கு நாற்காலியெல்லாம் பிடிக்காது" என்று சொல்லும் வீடுகள் உண்டு. ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடை சர்வசாதாரணம் என்று இப்போதே சொல்லிவையுங்கள். பூங்காவில் வாடகைக்கு எடுப்பது வாசலைத் தாண்டி வராது. பேருந்து நிறுத்தம்வரை நடக்க வேண்டும். அதனால் வெளி நிறுவனத்திடம் ஹோட்டலுக்கே வரவழைப்பது நல்லது. பேட்டரி வண்டி வேண்டாம் என்பது என் எண்ணம். பழக்கமில்லாமல் கூட்டத்தில் ஓட்டுவது சிரமம், சஃபாரி போன்ற இடத்தில் சாதாரண நாற்காலிக்கு மாறவும் சொல்வார்கள்.

பீட்டர் பான்ஸ் ஃப்ளைட்டில் நகரும் பட்டையில் நடந்தபடியே படகில் உட்கார வேண்டும், அதை அத்தைக்கு விட்டுவிடுங்கள். கிளிமஞ்சாரோ சஃபாரி, மிக்கீஸ் ஃபில்ஹார்மேஜிக் இரண்டும் அவருக்கு ஏற்றவை.

அளவுகோல்:
மகனுக்கும் ஸ்ட்ரோலர் வேண்டும். 4 வயதாகிறதே என்று யோசிக்காதீர்கள், மதியத்துக்குப் பிறகு அவன் நடக்க மாட்டான். அகலம் 79 செ.மீ., நீளம் 132 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். இழுவண்டிக்கு அனுமதி இல்லை. பேருந்தில் ஏறும் முன் மடக்க வேண்டும், ஸ்கைலைனரில் மடக்காமலே போகலாம். ரைடுக்கு வெளியே விட்டுப்போகும் ஸ்ட்ரோலரை ஊழியர்கள் ஒழுங்குபடுத்தி நகர்த்திவைப்பார்கள். திரும்பி வந்து காணோம் என்று பதறாமல் நாலு வரிசை தள்ளித் தேடுங்கள். கைப்பிடியில் பளிச்சென்று ஒரு ரிப்பன் கட்டிவிடுங்கள்.

பசுமை:
சாப்பாடு. பயப்பட வேண்டியதில்லை. ஆப்பில் ஒவ்வொரு உணவகத்தின் மெனுவும் இருக்கிறது. சிறிய இலைக் குறி இருந்தால் அது முழுக்கத் தாவர உணவு, பாலும் முட்டையும்கூட இருக்காது. அனிமல் கிங்டமில் சாத்தூலி கேன்டீனில் டோஃபு வைத்துக் கிண்ணம் கிடைக்கும். அனிமல் கிங்டம் லாட்ஜின் கிடானி வில்லேஜில் 'சானா' என்ற உணவகத்தில் நான் ரொட்டி வகைகளும் சட்னிகளும் ஒரு தட்டாகத் தருவார்கள், பூங்கா டிக்கெட் இல்லாமலே போகலாம். "சைவம்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். இறைச்சி, மீன், முட்டை, சிக்கன் வேகவைத்த சாறு எதுவும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். சூப்பிலும் சாதத்திலும்தான் அந்தச் சாறு ஒளிந்திருக்கும்.

வெளியிலிருந்து உணவு கொண்டுபோகலாம். கண்ணாடிப் புட்டியும் உதிரி ஐஸ் கட்டிகளும் கூடாது. கவுன்ட்டர் உணவகங்களில் ஐஸ் தண்ணீர் இலவசம், கேட்டாலே தருவார்கள். பாட்டில் தண்ணீருக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

மொபைல் ஆர்டர் செய்பவர்கள் பசித்த பிறகு ஆப்பைத் திறக்கிறார்கள், 12 மணிக்குத் திறந்தால் 1 மணிக்குத்தான் சாப்பாடு கிடைக்கும். காலை 10 மணிக்கே 11.30-க்குப் போட்டுவையுங்கள். உட்கார்ந்து சாப்பிடும் உணவகம் வேண்டுமானால் 60 நாள் முன்பே முன்பதிவு திறக்கும்.

தேன்சிட்டு:
எல்லாவற்றையும் வைத்து ஒரு வரைவு:
வியாழன் மாலை ஆர்லாண்டோ வருகை.
வெள்ளி: மேஜிக் கிங்டம், காலை முதல் வாணவேடிக்கை வரை.
சனி: ஹாலிவுட் ஸ்டூடியோஸ்.
ஞாயிறு: எப்காட்.
திங்கள்: அனிமல் கிங்டம்.
செவ்வாய்: ஓய்வு, ஷாப்பிங். புதன் கிளம்புகிறோம்.

கணக்குப்பிள்ளை:
மே கடைசித் திங்கள் மெமோரியல் டே, அமெரிக்காவில் நீண்ட வார விடுமுறை. நீங்கள் போட்டிருக்கும் சனி, ஞாயிறு, திங்கள் மூன்றும் அந்தக் கூட்டம். முடிந்தால் டிக்கெட் தேதியை அந்த வாரத்தின் செவ்வாய்க்குப் பிறகு தள்ளுங்கள்.

வழிப்போக்கன்:
தேதியை மாற்றினாலும் வரிசை தலைகீழ். இந்தியாவிலிருந்து வந்த முதல் இரண்டு மூன்று நாள் பிள்ளைகள் விடியற்காலை 3 மணிக்கு விழித்துக்கொள்வார்கள், மாலை 6-க்குச் சாய்ந்துவிடுவார்கள். அந்த நிலையில் வாணவேடிக்கை நாளை முதலில் வைப்பதா? அனிமல் கிங்டம் மற்றவற்றைவிடச் சீக்கிரம் திறந்து சீக்கிரம் மூடும் பூங்கா. விலங்குகளும் காலைக் குளிர்ச்சியில்தான் நடமாடும். தூக்கம் கலைந்ததையே ஆதாயமாக்கிக்கொள்ளுங்கள்: முதல் நாள் அனிமல் கிங்டம், இரண்டாம் நாள் ஹாலிவுட் ஸ்டூடியோஸ், மூன்றாம் நாள் ஓய்வும் நீச்சல் குளமும், நான்காம் நாள் மேஜிக் கிங்டம், ஐந்தாம் நாள் எப்காட். ஓய்வு நாளைக் கடைசியில் போட்டு என்ன பயன்? அலுப்பு நடுவில்தானே வரும்.

எப்காட்டுக்கு ஸ்கைலைனரில் போனால் முன்வாசலில் அல்ல, பின்பக்கம் இன்டர்நேஷனல் கேட்வேயில் இறங்குவீர்கள். பக்கத்திலேயே ரெமி ரைடு, உயரக் கட்டுப்பாடு கிடையாது, ஹோட்டலில் தங்குபவர்களை முன்னதாக விடும் அந்த அரை மணியில் திறந்திருக்கும். அரை மணியை அதற்கே செலவழியுங்கள்.

வரிசைமன்னன்:
மேஜிக் கிங்டம் நாளில் காலை 8-லிருந்து இரவு 10 வரை உள்ளேயே இருப்பது முடியாத காரியம். 12.30-க்கு அறைக்குத் திரும்பி, 5 மணிக்கு மறுபடி வாருங்கள். வெயிலும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. ஒரு நாளுக்கு "கட்டாயம்" என்று ஆளுக்கு ஒரு ரைடு எழுதுங்கள், அவ்வளவுதான். பட்டியல் இருபதானால் அன்று சண்டைதான் வரும்.

வாணவேடிக்கை முடிந்த நொடியில் எல்லோரும் வாசலுக்குப் பாய்வார்கள். மெயின் ஸ்ட்ரீட் கடைகள் மூடும் நேரம் தாண்டியும் திறந்திருக்கும். அரை மணி அங்கேயே சுற்றிவிட்டுப் பேருந்துக்குப் போங்கள், நாற்காலியும் ஸ்ட்ரோலரும் இருக்கும்போது இது ரொம்ப முக்கியம்.

மழைத்துளி:
மே கடைசியில் பிற்பகல் இடிமழை தொடங்கிவிடும். மழை பிரச்சினையில்லை, மின்னல்தான் பிரச்சினை: பக்கத்தில் மின்னல் தெரிந்தால் திறந்தவெளி ரைடுகளையும் ஸ்கைலைனரையும் நிறுத்திவிடுவார்கள். வானம் கறுத்ததும் உள்ளரங்கு ரைடுக்குள் நுழைந்துவிடுங்கள். மழை கொட்டும்போது பாதிப் பேர் ஊருக்குத் திரும்புவதுபோல வாசலுக்கு ஓடுவார்கள். விட்டதும் ஒரு மணி நேரம் வரிசை குறைவாக இருக்கும். ரெயின்கோட்டை இங்கேயே வாங்கிப் போங்கள். ஆளுக்கு இரண்டு ஜோடிக் காலணி, கூடுதல் சாக்ஸ். ஈரக் காலணியோடு நடந்தால் மறுநாள் கொப்புளம்.

தேன்சிட்டு:
தேதியைத் தள்ளிவைத்தாயிற்று, வரிசையும் வழிப்போக்கன் சொன்னபடி. கடைசியாக ஒன்று: ஐந்து பேர் பாஸும் என் ஃபோனில்தான் இருக்கும். கணவர் மகளோடு தனியாகப் போனால்?

கணக்குப்பிள்ளை:
அவர் ஃபோனிலும் ஆப் போட்டு, தனிக் கணக்கு திறந்து, 'குடும்பமும் நண்பர்களும்' பகுதியில் இருவரும் ஒருவரையொருவர் சேர்த்து, திட்டங்களைப் பகிர அனுமதி கொடுங்கள். பிறகு அவரும் எல்லாவற்றையும் பார்க்கலாம், மாற்றலாம். உங்கள் ஃபோன் பேட்டரி பிற்பகலிலேயே இறங்கிவிடும். ஆளுக்கு ஒரு பவர் பேங்க், கைப்பையில். விமானத்தில் அதைச் செக்-இன் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.